எஸ்தரின் கற்கள்

செத்து ஒரு வருடம் கழித்து எஸ்தர், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில், ஒரு காவலாளியின் முன்பற்களை உடைத்தாள். நல்ல வெயில், பார்த்தவர்கள் பாதி ஊர்.

எஸ்தர் நியூயோர்க் யூதப் பெண். அவளுடைய தாய், தையற்காரிகளின் வேலைநிறுத்தத்தில் கூலி அடியாட்களிடம் அடிவாங்கி, அடித்தவனின் அரைக் காதை வாயில் கவ்விக்கொண்டு வீடு வந்தவள். மகள் சும்மா இருப்பாளா? கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடாதென்றிருந்த அமெரிக்கத் தெற்குக்கு, இருபது வயதில் கறுப்பின மாணவர்களோடு ஒரே பஸ்ஸில் போய் மண்டை பிளந்து சிறைக்கும் போனாள். சிறையில் அவள் பாடிய பாட்டுக்கு மூன்று மாநிலத்துப் பூட்டுகள் துருப்பிடித்தன. சுவிஸ்காரனைக் கட்டி இங்கே வந்த பிறகும் பூட்டென்றால் அவளுக்கு ஆகாது. தான் வேலை செய்யும் பொதிக் கிடங்கில் வேலை நேரத்தில் அவசரக் கதவைப் பூட்டிவைக்கிறார்கள் என்று மேல்வீட்டு யூஜினி சொன்ன மறுநாளே, எண்பது வயதில், கிடங்கு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் நியூயோர்க் தையற்காரிகள் கருகிய கதையை அவள் சொல்லச் சொல்ல, கேட்ட பெண்களின் கூந்தலில் புகை நாறியது. கதவு திறக்குமுன் அவள் இதயம் நின்றுவிட்டது.

யூஜினி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். செத்தவர்களுக்குச் செய்யவேண்டியதைத் தவறவிடாதவள். கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று வாளியும் பிரஷ்ஷுமாக யூத மயானத்துக்குப் போனாள். எஸ்தரின் கல்லறை முழுக்கக் கற்கள். எந்த நாசமறுப்பானோ எறிந்திருக்கிறான் என்று கொதித்து, எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டு, கல்லறையை உரஞ்சிக் கழுவிவிட்டு, நேரே கிடங்குக்கு வந்தாள். அன்று பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பூட்டிய கதவின்முன் நின்றார்கள்.

"பாரடி வேணுகா, செத்த மனுசிக்கும் கல்லெறியிறாங்கள்."

கூட வேலை செய்யும் வேணுகா பையை எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, அது எறிஞ்ச கல்லில்லை. நாங்கள் பூ வைக்கிற மாதிரி அவையள் கல்லு வைக்கிறவை. மனுசியின்ரை மரியாதை முழுக்க அள்ளிக்கொண்டெல்லோ வந்திருக்கிறியள்."

யூஜினி பையைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கே திரும்பப் புறப்பட்டாள். அதற்குள் கூலிக்கு வந்த காவலாளிகள் தடிகளோடு இறங்கினார்கள். வேணுகாவின் தோள் எலும்பு முறிந்த சத்தம் சூரிச் வரை கேட்டது. அடுத்த தடி யூஜினியின் தலைக்கு ஓங்கியபோது அவள் பையை நெஞ்சோடு அணைத்து, "மன்னிச்சுக்கொள்ளும் எஸ்தர்" என்றாள்.

பை தானாகத் திறந்தது. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும் சுவிஸ்காரர்களைப் போல, கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமின்றிப் புறப்பட்டன. முதல் கல் பற்களுக்கு. அடுத்தவை முழங்கால்களுக்கும் மூக்குகளுக்கும். ஓடிய இரத்தத்தில் லிம்மாத் ஆற்று அன்னங்கள் ஒரு வாரம் இளஞ்சிவப்பாய்த் திரிந்தன. எல்லாவற்றிலும் பெரிய கல் பூட்டை உடைத்து அதன் துவாரத்திலேயே இருந்துகொண்டது. முகிலே இல்லாத அந்த நாளுக்குப் பொலிஸ் ஆலங்கட்டி மழை என்று எழுதியது, காப்புறுதிக்காரரும் மறுக்கவில்லை. கிடங்குக்காரர் புதுப் பூட்டு மாட்டும் போதெல்லாம் விடிந்தால் அதற்குள்ளும் ஒரு கல் இருந்தது. அலுத்துப்போய்க் கதவைத் திறந்தே விட்டார்கள்.

யூஜினி மற்றக் கற்களின் இரத்தத்தைக் கழுவித் திரும்ப வைத்தாள். இப்போதும் சில நாட்களில் கல்லறை கற்களின்றி வெறுமையாய்க் கிடக்கும். அவள் பதறுவதில்லை.

"மனுசி வேலைக்குப் போயிட்டுது" என்பாள். திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று புதுக்கல் ஒன்றை வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பாள்.