சுற்றாத பிலிம்

செல்லக்கிளி வழுக்கி விழுந்துதான் செத்துப்போனாள் என்று அம்பிகாவிடம் சொல்லியிருந்தார்கள். சேலைக்குச் சாயம் முக்குகிற பின்கட்டு. கல்தளம் எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி கால் வைத்தாள், வழுக்கியது, போய்விட்டாள். பெண் பார்க்க வந்தபோதே மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். இரண்டாந்தாரம் என்றாலும் சின்னாளபட்டியில் சொந்தத் தறி வைத்திருக்கிற மாப்பிள்ளை ஆயிற்றே என்று அம்பிகாவின் அப்பா முத்துக்கிருஷ்ணனும் தலையாட்டிவிட்டார்.

வழுக்கி விழுவது எப்படி என்பது அம்பிகாவுக்குப் போன மாதம்தான் புரிந்தது. குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று. புருசன் கண்ணுசாமி எழுந்து வந்தான், வாயே திறக்காமல் தோளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினான். தறிக்காலைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். அவளுக்கும் அது ஏழாம் மாதம்.

அன்றிலிருந்து பயம். சோற்றைப் பிசையும்போதும் பயம், சுங்குடிச் சேலையில் புள்ளிக்கு முடிச்சுப் போடும்போதும் பயம். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவளும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். வேடசந்தூரிலிருந்து அப்பாவும் அழைக்க வந்துதான் பார்த்தார். "தீவாளிச் சரக்கு அம்புட்டும் அப்பிடியே கெடக்கு சம்பந்தி. முடிச்சுப் போட ஆளில்ல. இங்கனயே பெத்துக்கட்டும், நாங்க பாக்க மாட்டமா?" என்று மாமியார் அய்யம்மாள் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்பாவுக்குக் கோபப்படத் தெரியாது. மில்லுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் வீட்டில் போட்டோக் கச்சேரி வேறு நடந்தது. கண்ணுசாமியின் அக்கா முனீஸ்வரி கீரனூரில் வாக்கப்பட்டவள். வந்தால் பழைய படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காராமல் போகமாட்டாள். போன வாரம் வந்தபோது, தம்பியின் கறுப்புப் பெட்டிக் கேமராவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, வீட்டில் எல்லாரையும் அவனை விட்டே படமெடுக்க வைத்திருந்தாள். செல்லக்கிளி போனதிலிருந்து யாரும் தொடாத கேமரா. உள்ளே பாதி பிலிம் அப்படியே கிடந்தது. அதிலேயே எடுத்து முடித்து, திண்டுக்கல்லில் கழுவக் கொடுத்து வாங்கி வந்திருந்தான் கண்ணுசாமி.

முதலில் பிஸ்கட் டப்பாவிலிருந்து பழசெல்லாம் வந்தது. மாமனார் எவனுடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நின்றார். "இதாரும்மா, கழுத்தே இல்லாம?" என்று முனீஸ்வரி கேட்டாள். "நீதான்டி" என்றாள் அய்யம்மாள். சிரித்தார்கள். அம்பிகாவும் சிரித்து வைத்தாள். அந்த டப்பாவில் செல்லக்கிளியின் படம் ஒன்றுகூட இல்லை.

பிறகு புதுப் படங்கள் கை மாறி வந்தன. மூன்றாவதோ நான்காவதோ, முனீஸ்வரி ஒன்றைப் பார்த்துவிட்டு நெருப்பைத் தொட்டவளாகக் கீழே போட்டாள்.

வேப்பமரத்தடியில் அம்பிகா நிற்கிற படம். அவளுக்குள்ளேயே இன்னொருத்தியும் நின்றாள். முகத்தோடு முகம் ஒட்டி நான்கு கண்கள். அந்த இன்னொருத்தியின் கை, அம்பிகாவின் வயிற்றின் மேல் இருந்தது.

"அவதான்டா" என்றாள் அய்யம்மாள். "செல்லக்கிளிடா. வந்துட்டாடா."

என்னையும் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்றுதான் அம்பிகா முதலில் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தரம் புரண்டது.

செத்த நேரம் போனபிறகுதான் புத்தி வேலை செய்தது. வேடசந்தூரில் அவள் அப்பாவிடமும் இதே கேமரா உண்டு. ஒரு படம் எடுத்ததும் மேலேயுள்ள திருகைத் திருகி, முதுகிலிருக்கும் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த நம்பர் வரும்வரை பிலிமைச் சுற்ற வேண்டும். மறந்தால் படத்தின் மேலேயே படம் விழும். சின்ன வயதில் அவள் ஒருமுறை சுற்றாமல் அமுக்கிவிட்டாள். தம்பி மதன்குமாரின் தோளில் ஆட்டுத்தலை முளைத்து, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இங்கேயும் அதுதான். அன்றைக்குச் செல்லக்கிளியைப் படமெடுத்த கண்ணுசாமி பிலிமைச் சுற்றவில்லை. அதே மரத்தடியில் இவளை நிறுத்தி மறுபடி அமுக்கிவிட்டான். பேயுமில்லை பிசாசுமில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபடியே படத்தைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை முகங்களைப் பார்த்தாள். செல்லக்கிளி கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, பிடித்திருந்தவனைப் பார்த்தாள். அடிபடப் போகிற பிள்ளை பார்க்கிற பார்வை. பக்கத்தில் அம்பிகாவின் கண்களிலும் அதே பார்வைதான். தன் முகம் இப்படியா இருக்கிறது என்று அவளுக்கு அழுகை வந்தது.

நிமிர்ந்து கண்ணுசாமியைப் பார்த்தாள். அவன் பேயறைந்தவனாக நின்றான். படத்தைப் பார்க்காமல் பின்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் அக்காவும் பயந்தது ஒரு மாதிரி. இவன் பயந்தது வேறு மாதிரி.

அம்பிகா வந்த பேச்சை விழுங்கிக்கொண்டாள். வேறொன்று சொன்னாள்.

"அத்தை, ஒங்ககிட்டச் சொல்லாமலே இருந்தேன். அந்தக்கா தெனமும் கனவுல வாராக."

"ஆத்தாடி. என்ன சொல்றா?"

"பிள்ளையோட இந்த வீட்ல இருக்காத, ஒங்கப்பன் வீட்டுக்கு ஓடிருன்னு சொல்றாக."

இவ்வளவு பெரிய பொய்யை அவள் ஆயுசில் சொன்னதில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட்டவர்களுக்கு அந்தத் திணறலே சாட்சியாகிவிட்டது. முனீஸ்வரி படத்தை எரித்துவிடச் சொன்னாள். எரித்தால் செல்லக்கிளி கோபித்துக்கொள்வாள் என்று அய்யம்மாள் அதற்குக் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

"சரக்குக் கெடந்தாக் கெடக்கு. இனி ஒரு பொழுதுகூட இவ இங்க இருக்கப்படாது. இப்பவே கொண்டுபோயி விட்டுட்டு வாடா" என்றாள் மகனிடம். அவசரத்துக்குக் கண்ணாடி வளையல்களைத் தானே இரண்டு கையிலும் அடுக்கிவிட்டாள். வளைகாப்பு அத்தோடு முடிந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை கண்ணுசாமி தள்ளி நின்றே வந்தான். வேடசந்தூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் கிளம்பினால் போதும், அப்பா வீடு வந்தால் போதும் என்று அம்பிகா மனதுக்குள் ஜபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மனுசன் வெறும் முரடன்தான், அந்தக்கா உண்மையிலேயே வழுக்கித்தான் விழுந்திருப்பாள் என்றும் ஒரு நப்பாசை அவளுக்குள் இருந்தது. என்ன இருந்தாலும் வயிற்றுப் பிள்ளைக்கு அப்பன்.

அவன் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"கனவுல வந்தாள்ல... எப்பிடி விழுந்தேன்னு ஏதாச்சும் சொன்னாளா?"

அம்பிகாவின் நப்பாசை அந்த இடத்திலேயே செத்தது. இவன் பக்கத்தில் படுத்து, இவனுக்குச் சோறு போட்டு, இத்தனை நாள் உயிரோடு இருந்ததே பெரிதென்று தோன்றியது. முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் சத்தம் போட்டன.

"இன்னும் சொல்லலைங்க" என்றாள்.

டிரைவர் வந்து ஏறினார். வண்டி உறுமியதும் கண்ணுசாமி எழுந்தான். "நீ போ. நான் பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டான்.