பொம்மைக்கா நடத்திய வாக்கெடுப்பு

குழந்தைகளுக்குப் பொம்மைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்ததால் தெருவில் அவளுக்குப் பொம்மைக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்தப் பொம்மை கடையில் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று கேட்டு ஓயாமல் போன் வரும். அதைக் காட்ட ஒரு வலைத்தளத்தைத் தானே கட்டிவிடுவது என்று ஜாங்கோ கற்கத் தொடங்கினாள். பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுத உதவும் இலவசக் கருவி அது.

கற்றுக்கொடுக்க ஆளுக்கா பஞ்சம்? காணொளி வகுப்புகள், மின்னூல்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தாள். பார்க்கும்போது எல்லாம் பளிச்சென்று புரியும். தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. உடனே அடுத்த வகுப்புக்குத் தாவிவிடுவாள்.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; நிரல் எழுதுவது அவளுக்கும் புதிது. இந்தக் கருவியைச் செய்தவர்களே ஏதாவது பாடம் எழுதியிருப்பார்களே என்று கேட்டாள். இருந்தது. படமில்லாமல் வெறும் எழுத்தாக இருந்ததால் பொம்மைக்கா அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

"எங்க லேபுக்குப் புது மெஷின் வந்தா, கூட வந்த புத்தகத்தைத்தான் முதல்ல எடுப்போம். மத்ததெல்லாம் மூடுங்க அண்ணி. நானும் உட்காருறேன்."

அந்தப் பாடம் ஒரு வாக்கெடுப்புப் பக்கத்தை எழுதச் சொன்னது. நகலெடுக்காமல் ஒவ்வொரு வரியாகத் தட்டினார்கள். கேள்வியை மட்டும் சொந்தமாகப் போட்டார்கள்: கூடத்து சோபா ஜன்னலோரமா, டிவிக்கு எதிரிலா? வீட்டில் வெகுநாளாக இழுபறியில் கிடந்த வழக்கு அது.

போனில் திறந்ததும் மஞ்சள் தலைப்போடு ஒரு பிழைப் பக்கம் வந்தது. வழக்கமாகப் பொம்மைக்கா இந்த இடத்தில்தான் கணினியை மூடிவிட்டு எழுந்து போவாள். நாத்தனார் நிதானமாகப் படித்தாள். அனுமதிப் பட்டியலில் எந்த முகவரியைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தப் பக்கமே சொல்லியிருந்தது.

"இது திட்டல அண்ணி. வழி சொல்லுது."

சேர்த்ததும் பக்கம் வந்துவிட்டது. வீடே வாக்களித்தது. ஜன்னலோரம் அமோக வெற்றி. ஆனால் விழுந்த வாக்குகள் வீட்டிலுள்ள தலைகளைவிட எக்கச்சக்கமாக இருந்தன. எல்லோரும் ஜன்னல் கட்சிக்காரரான மாமனாரைப் பார்த்தார்கள்.

"அது வேண்டாம்னு சொல்லலையேம்மா. அதான் அழுத்திக்கிட்டே இருந்தேன்," என்றார் அவர், முகத்தில் துளி வெட்கமில்லாமல்.

டிவி கட்சிக்காரனான அவள் கணவன் மறுதேர்தல் கேட்டான். பொம்மைக்காவின் காதில் எதுவும் விழவில்லை. ஏன் இப்படி ஆனது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதிய வரிகளுக்குள் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"யாரு ஓட்டுப் போடுறாங்கன்னு நாம இங்க கேக்கவே இல்ல. கேக்க வைக்கணும்."

அதற்கான பாடத்தைத் தேடத் தொடங்கினாள். பின்னால் மாமனாரோடு சேர்ந்து கணவனும், மறுதேர்தல் நடக்காததில் முணுமுணுத்தபடியே, சோபாவை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டிருந்தான்.