வாத்தியாரின் வேகம்

வாத்தியார் இறந்து பன்னிரண்டு நாளாகியும் அவருடைய புள்ளி மட்டும் பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஹேண்டில்பாரில் கட்டிய தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று, வீட்டிலிருப்பவர்களின் கைபேசி வரைபடத்தில் காட்டும் நீலப் புள்ளி அது. இப்போது அந்தக் கருவி லிஃப்ட் மெக்கானிக்கின் சைக்கிளில் இருந்தது. வாத்தியாரோடு ஊர் ஊராக இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவன் அவன்தான். வாத்தியாரோ சரியான ஆமை. ஊருக்கு ஒரு டீ, மதியம் ஒன்றரை மணி நேரத் தூக்கம். பாலைவனத்தில் ஒரு நாள் மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க ஆடி அசைஞ்சு வாங்க சார், நான் அடுத்த ஊர்ல இருக்கேன்" என்று கடுப்பாகச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டான். டீக்கடையில் நான்கு மணி நேரம் காத்திருந்து, பதறியடித்துத் திரும்பி வந்தபோது வாத்தியார் மணலில் குப்புறக் கிடந்தார். வெயிலும் இதயமும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

தொலைபேசியில் வாத்தியாரின் மனைவி அழவே இல்லை. "தம்பி, மாமாவுக்கு, அதான் அவரோட அப்பாவுக்கு, நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகலை. பொழுதன்னைக்கும் அந்தப் புள்ளியையேதான் பார்த்துக்கிட்டிருக்கார். நீங்க வந்து சேர்ற வரைக்கும் அது ஓடட்டும். பேச சிக்னல் இல்லைன்னு நான் சமாளிச்சுக்கிறேன். ஆனா உங்க சாரோட வேகத்துலயே வாங்க. இல்லேன்னா மாமாவுக்குச் சந்தேகம் வந்துடும்."

அவள் சம்மதத்தோடு உடலை அங்கேயே அடக்கம் செய்து, வாத்தியாரின் சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டுக் கிளம்பினான்.

முதல் மூன்று நாள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக மிதித்தான். நான்காம் நாள் கடிகாரம் தேவைப்படவில்லை. மதியமானால் கண் தானாகச் செருகியது. டீக்கடையில் வாய் தானாக "சர்க்கரை இல்லாம" என்றது. சர்க்கரை நோய் வாத்தியாருக்குத்தான், அவனுக்கில்லை. அந்த டீ பிடித்தும் போனபோது, பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். வேகமாக மிதித்துப் பார்த்தான், கால் வரவில்லை. பின்னால் எண்ணெய் காணாத செயினின் கிரீச் சத்தம் மட்டும் விடாமல் வந்தது. எண்ணெய் போடச் சொல்லி அந்த மனுஷனிடம் எத்தனை தடவை கத்தியிருப்பான்! திரும்பினால் வெறும் ரோடு.

வாத்தியார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, கருவியை அணைத்து, வாத்தியாரைத் தன் மேலிருந்து இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

பதினாறாம் நாள் மாலை நகர நெரிசலில் நுழைந்தான். ஒவ்வொரு முனையிலும் அவன் கை தானாக உயர்ந்து, வாத்தியாரைப் போலவே எல்லோருக்கும் வழி விட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

வாசலில் வாத்தியாரின் அப்பா கைபேசியோடு நின்றிருந்தார். மருமகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் "தெரியும்" என்றார்.

"அன்னைக்கு மதியம் புள்ளி ரொம்ப நேரம் ஒரே இடத்துல நின்னுச்சு. தூங்குறான்னு நினைச்சேன். எழுப்பலாம்னு ஃபோனைக்கூட எடுத்தேன். பாவம், அசதியா இருக்கும், தூங்கட்டும்னு வச்சுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் புள்ளி நகர்ந்துச்சு. மருமக குளிக்கப் போனா, குழாய்த் தண்ணி ஒரு மணி நேரம் ஓடுச்சு. புரிஞ்சுபோச்சு. அவகிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னுதான் அவ தைரியமா நடமாடுறா."

"ஐயா, நான்தான் அவரை விட்டுட்டுப் போனேன்" என்று மெக்கானிக் உடைந்து அழுதான். கருவியைக் கழற்றி அணைக்கப் போனான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைக்காதே. அது நின்னுச்சுன்னா எனக்கு மறுபடியும் அந்த மதியம்தான். நாளைக்குக் கொஞ்ச தூரம் ஓட்டு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

முடியாது என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான்.

"எந்தப் பக்கம் போகட்டும், அப்பா?" என்று வந்தது.