லாடக்காரனின் குரல்

ஹம்பேர்க்கில் காதுக்கருவி பொருத்தும் கடையொன்றில் ஜெசிந்தன் எட்டு வருடங்களாக வேலை செய்கிறான். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவன். கடந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டர்சன் என்ற எழுபது வயதுக்காரர் முன்கூட்டியே நேரம் குறித்து, டெர்மின் எடுத்துக்கொண்டு செவிப் பரிசோதனைக்கு வந்தார்.

ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சொல்லாக வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் பாதிக்கு மேல் பிழையாகவே சொன்னார். ஜெசிந்தனோ பிழைகளைக் குறிக்க மறந்துபோய் இருந்தான். பெட்டர்சனின் குரலை அவனுக்கு முன்பே தெரியும்.

போர் முடிந்த வருடக் கடைசியில் அவன் ஜெர்மனிக்கு வந்தபோது, அகதி விடுதியில் ஜெர்மன் மொழியான டொச் படிக்க வகுப்பு கிடைக்கவில்லை. வேலைக்கும் அனுமதி இல்லை. விடுதியின் பொது அறைத் தொலைக்காட்சியில் பின்னேரங்களில் ஒரு ஸ்பானியத் தொடர் டொச் குரலில் போகும். பதினேழாம் நூற்றாண்டுக் கதை. தோமாஸ் என்ற குதிரை லாடக்காரன், குடியானவர்களின் நிலத்தைப் பறிக்கும் பிரபுக்களுக்கு எதிராக வாளெடுக்கிறான். தோமாஸ் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, அவசரமில்லாமல் பேசுவான். ஜெசிந்தன் அவற்றைக் கொப்பியில் எழுதிவைத்து, வெங்காயம் வெட்டும்போது சொல்லிப் பழகினான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதன்முதலாக வாய் திறந்தபோது, “சீமாட்டியே, உமது தயவை நாடி வந்துள்ளேன்” என்ற வசனம்தான் வந்தது. அங்கிருந்த பெண் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதுவரை அந்த அலுவலகத்தில் யாரும் அவனை இருக்கச் சொன்னதில்லை.

பரிசோதனை முடிந்ததும் பெட்டர்சனிடம் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டான். ஏழு வருடங்கள் தோமாஸுக்கு டொச் குரல் கொடுத்தது தான்தான் என்றார் அவர். அந்தத் தொடரை இப்போது திரைப்படமாக எடுத்திருக்கிறார்கள். அதே நடிகர், அதனால் ஒலிப்பதிவுக்கூடத்தார் இவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ஹெட்போனில் ஸ்பானிய வசனம் தெளிவாகக் கேட்காததால், நடிகரின் உதட்டசைவுக்கு எப்போதும் பிந்திவிடுகிறார். இரண்டு தரம் போய் வெட்கப்பட்டுத் திரும்பியாயிற்று. வேறு ஆளைப் பார்க்கும்படி கடிதம் எழுதிவிட்டார். தனக்கு வீட்டில் வானொலி கேட்கும் அளவுக்கு ஒரு கருவி போதும் என்றார்.

“கடிதத்தை இப்ப அனுப்பாதேங்கோ,” என்றான் ஜெசிந்தன். “எனக்கு டொச் படிப்பிச்சது நீங்கள்தான். ஒருக்கா நான் முயற்சி செய்து பாக்கிறன்.”

பெட்டர்சனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம், உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலை லேசாக முடியவில்லை. கருவியின் மேல் ஹெட்போனைப் போட்டால் கீச்சென்று கத்தியது. புதன்கிழமைகளில் ஜெசிந்தனுக்கு அரைநாள் லீவு. அந்த நேரத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்கூடத்துக்கே போய்க் கருவியைத் திருத்தினான். முதல் புதன் வீணாயிற்று.

“ஒரு ரீவி நாடகத்துக்கோ இவ்வளவு அலைச்சல்?” என்று அவன் மனைவி டெல்சி அலுத்துக்கொண்டாள். அவள் கல்யாணமாகிப் பிந்தி வந்தவள். விடுதியையும் கொப்பியையும் பற்றி அவன் அன்றுதான் முதன்முறையாக விரிவாகச் சொன்னான். அடுத்த புதன் அவன் புறப்படும்போது சாப்பாட்டுப் பெட்டியொன்றை நீட்டினாள்.

“மீன் றோல்ஸ். அவருக்கும் சேத்து வைச்சிருக்கிறன்.”

இரண்டாம் புதனும் சரிவரவில்லை. றோல்ஸ் மட்டும் முடிந்தது. ஜெசிந்தன் காதுக்குப் புதிதாக அச்செடுத்து, இன்னும் ஆழமாக உள்ளே போகும்படி ஒரு குமிழ் செய்வித்தான். ஹெட்போனுக்கென்றே கருவியில் தனி அமைப்பையும் ஏற்றினான்.

மூன்றாம் புதன், திரையில் தோமாஸ் மழையில் நனைந்தபடி குதிரையிலிருந்து இறங்கினான். பெட்டர்சன் கையை உயர்த்தினார். தோமாஸின் வாயும் அவருடைய வாயும் ஒன்றாகத் திறந்தன. கண்ணாடிக்கு அப்பால் இருந்த இயக்குநர் திருப்தியாகத் தலையசைத்தார். பெட்டர்சன் மட்டும் அதே இடத்தை மறுபடி போடச் சொன்னார். வசனத்துக்கு முன் அந்த நடிகர் மூச்சு இழுப்பது தனக்குக் கேட்டதாம், அதை இன்னொரு தரம் கேட்கவேண்டுமாம்.

புரட்டாதியில் படம் வெளியானது. பெட்டர்சன் இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தார். வாள்சண்டையில் தனக்கு நித்திரை வரும் என்று சொல்லிக்கொண்டு வந்த டெல்சி, தோமாஸ் தன் குதிரையை அவிழ்த்துவிடும் இடத்தில் ஜெசிந்தனின் கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள்.

படம் முடிந்து பெட்டர்சன் அவர்களோடு எஸ்-பான் ரயில் நிலையம்வரை நடந்துவந்தார். என்ன சொல்வதென்று வீட்டில் யோசித்து வைத்திருந்தாராம், இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லையாம். நாற்பது வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையே பேசியவன் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஜெசிந்தனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் அப்பிடித்தான், சொல்ல ஒண்டும் வருகுதில்லை,” என்றான் ஜெசிந்தன்.

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்து, மூடின. அவர்கள் அடுத்ததில் போனார்கள்.