அக்கா தூங்கிய வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: படுக்கையறைக்குள் சேமிசியாகிய நான். என் பக்கத்தில் என் யூஃபோனியம், கைக்குழந்தை கனத்துக்கு ஒரு பித்தளை ஊதுகருவி. முன்னறையில் என் அக்கா லூபே, என் அறைக் கதவை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்து, குறட்டையோடு. சன்னலுக்கு வெளியே பெரியப்பா மகன் மாகா, வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு. வேறு யாரும் இல்லை. என் மனைவி அகனேசி முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். இரண்டு பெண்களையும் பக்கத்து வீட்டுக்காரி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

ஐந்து மணிக்குச் சபைக் கூடத்தில் பேண்டு ஒத்திகை. போகாவிட்டால் என் நாற்காலி போய்விடும். ஏற்கெனவே இரண்டு ஒத்திகைகளைத் தூங்கித் தொலைத்திருந்தேன். பேண்டு மாஸ்டர் தானியேலா, மூன்றாவதும் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழாவில் என் பகுதியை ஊத வேறு ஆள் தயார் என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு உருப்படியாக வருகிற காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். உறைந்த கோழி அடுக்குவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோழி அடுக்கும் வேலை ஆறு வாரம் முன்பு வந்தது. விமான நிலையத்துப் பக்கம் ஒரு குளிர்கிடங்கு, ராத்திரி ஷிஃப்டு, மூன்று மாத ஒப்பந்தம். அகனேசி சமையலறையில் உட்கார்ந்து என் நாளைப் பங்கு போட்டாள். விடிந்து வந்து பெண்களைப் பள்ளியில் விடுவது, தூங்குவது, நான்கு மணிக்கு எழுவது, பெண்களோடு சாப்பிடுவது, பேண்டு, மறுபடி வேலை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. பகல்தான் கொன்றது. மாங்கெரேயில் குடியேறிய எங்கள் டோங்காத் தீவு ஜனங்களுக்கு, பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பளை என்றால் வெட்டியாக இருக்கிறவன். சபையில் நாற்காலி தூக்க வேண்டுமா, யாருக்காவது கிழங்கு மூட்டை இறக்க வேண்டுமா, நேரே என் கட்டிலுக்கு வந்துவிடுவார்கள். மாகா இன்னும் மோசம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சனிக்கிழமை ரக்பி ஆட்டம் முழுவதையும் சொல்வான். நான் கண்ணை மூடிக்கொண்டால், கவனமாகக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்வான்.

தீர்வு அகனேசிக்குத்தான் தோன்றியது. டோங்காவிலிருந்து வந்து என் தம்பி வீட்டில் தங்கியிருந்த லூபே அக்காவைக் கூட்டிவந்து எங்கள் முன்னறையில் உட்காரவைத்தாள். எங்களில் அக்கா சொல்லுக்கு மறுசொல் கிடையாது; அக்கா தங்கை இருக்கிற அறைக்குள் அண்ணன் தம்பி கால் வைப்பதுமில்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளுக்கும் அதேதான். என்னை எழுப்ப வருகிற எல்லாரும் அந்தக் கணக்கில் அவளுக்குத் தம்பிகள். மறுநாள் மாகா வாசலில் அக்காவின் செருப்பைப் பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்று இருமிவிட்டுப் போனானாம். நான் கேட்கவில்லை. செத்த பிணம் மாதிரி தூங்கினேன்.

அந்த வாரம் முழுக்க நன்றாகப் போனது. நான்கு மணிக்கு முன்பே அக்கா பெண்களை அழைக்கப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். நான் எழுந்து வரும்போது முன்னறை காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நீச்சல். அக்காவுக்குப் போக வேலையில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

நானும் அவளுக்குத் தம்பிதான் என்பதை இத்தனை பேரில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

கதவை ஒரு விரல்கடை திறந்தேன். அவள் பாதம் தெரிந்தது. மூடினேன். தூங்குகிற அக்காவைத் தாண்டிப் போகிறவனும் எங்களில் கிடையாது, தட்டி எழுப்புகிறவனும் கிடையாது.

சன்னலில் மாகாவின் முகம் வந்தது.

“என்னடா பண்றே? வா, நேரமாச்சு.”

“அக்கா படுத்திருக்கு.”

“எங்க?”

“என் கதவுகிட்ட.”

மாகா சாவி சுழற்றுவதை நிறுத்தினான். “அப்ப முடிஞ்சுது கதை.”

நீ முன்வாசல் வழியாகப் போய் ஏதாவது சத்தம் போடு என்றேன். தான் மட்டும் அவளுக்கு என்ன மாமனா மச்சானா என்று கேட்டான். அதுவும் நியாயம்தான். அகனேசிக்குப் போன் செய்து கிசுகிசுத்தேன். முதலில் நன்றாகச் சிரித்து முடித்தாள்.

“நான் வந்து எழுப்பணுமா? புருஷனோட அக்காவை? அப்புறம் அடுத்த கல்யாணத்துல என்னை அடுப்படியிலேயே உக்கார வெச்சிருவாங்க. சன்னல் இருக்குல்ல, இறங்கு. அந்தத் துணியைக் கிழிச்சே, வீட்டுப்பக்கம் வராதே.”

துணி என்றது பகல் வெளிச்சம் வராமலிருக்கச் சன்னலில் அவள் ஆணியடித்து மாட்டியிருந்த மரப்பட்டைத் துணி. எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. மாகாவோடு பேசுவதற்காக அதன் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கியிருந்தேன். மீதி ஆணிகளைப் பெல்ட் கொக்கியால் நெம்பி எடுத்து, துணியைப் பிரசங்கியார் அங்கி மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்தேன். யூஃபோனியத்தை முதலில் வெளியே கொடுத்தேன். பிறகு தலை, தோள், ஒரு கை.

வயிறு வரவில்லை. ஆறு வாரமாகத் தூக்கத்துக்குப் பதிலாக டின் மாட்டிறைச்சி தின்றதன் பலன். மாகா கையைப் பிடித்து இழுத்தான். சுவர் முனகியது, நான் நகரவில்லை.

“வேணும்னா உனக்குப் பதிலா நான் போயி ஊதட்டுமா?” என்றான்.

“நீ டிரம் அடிக்கிறவன்.”

“ஊதவும் தெரியும்.”

“தெரியாது.”

தெரியும் என்று காட்டுவதற்காக என் கருவியை எடுத்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஊதினான். இரண்டாவது வரி திரும்புகிற இடத்தில் ஒரு மாடு தொண்டையில் கிழங்கு சிக்கிக் கத்துவது போலக் கேட்டது.

குறட்டை நின்றது.

“அந்தப் பாட்டை எவன்டா கொல்றது?” என்றது உள்ளிருந்து அக்காவின் குரல்.

பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா என் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். திறக்கவில்லை. கதவைப் பார்த்துப் பேசினாள்.

“மாகா, அவன் உள்ள இருக்கானா, வெளிய இருக்கானா?”

“பாதிப் பாதிக்கா.”

அவள் சிரித்திருக்க வேண்டும். கதவு இருந்ததால் தெரியவில்லை. பிறகு, அவனை உள்ளே தள்ளு, நான் சமையலறைக்குப் போகிறேன் என்றாள். மாகா உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்து, பழுதான வண்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளினான். கட்டிலில் மல்லாந்து விழுந்தேன், கல்யாணத் துணியின்மேல். கிழியவில்லை.

முன்னறை வழியாக ஓடி வாசலுக்கு வந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து தாண்டியிருந்தது. தானியேலா போதகருக்கே காத்திருக்காத மனிதர். மாகா கருவியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தான். இனிப் போய் லாபமில்லை, என் நாற்காலியில் எவனாவது உட்கார்ந்திருப்பான் என்றேன். மாகாவிடம்தான் சொன்னேன். சமையலறைக்குக் காது உண்டு.

அக்கா போனில் பேசுவது கேட்டது. தானியேலா எங்கள் தாய்மாமன் மகன். அவருக்கும் அவள் அக்கா.

“தானியேலா, சேமிசி கிளம்பிட்டான். அவன் வந்து உக்கார்ற வரைக்கும் குச்சியைத் தூக்காதே.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் என்று ஒன்று வந்திருக்கவும் முடியாது. என் நாற்காலி பிழைத்தது.

பிறகு முன்னறைக்கு வந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே இறங்கி நின்று, பார்வையைச் செடிகளின் பக்கம் திருப்பிக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக எனக்குச் சொல்ல வேண்டியதை யாரிடமாவதுதான் சொல்லியனுப்புவாள். அன்று நேராகச் சொன்னாள்.

“ஒப்பந்தம் முடிஞ்சதும் அந்த வேலையை விட்ரு. ராத்திரி வேலை செய்யற மூஞ்சியா இது? அகனேசிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

சரி என்றேன். அக்கா சொன்னால் சரிதான். அவள் சொல்லாவிட்டாலும் விட்டிருப்பேன், ஆனால் அகனேசியிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு அடுத்த கிறிஸ்துமஸ் வரை வந்திருக்காது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கிற மாதிரி இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே கதவின் விளிம்பைப் பிடித்தாள்.

“வாரம் பூரா உன் தூக்கத்துக்கு நான் காவல். எனக்கு யாரு இருக்கா? போங்கடா ரெண்டு பேரும்.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.