ஒரு வருடச் சோகம்

அக்கா விவாகரத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததை அம்மா எப்படியோ பொறுத்துக்கொண்டாள். வந்த பிறகு அக்கா சந்தோஷமாக இருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு வருஷமாவது சோகமா இருடி. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள் என்பதையும் அம்மாவே சொன்னாள். இவ்வளவு சந்தோஷத்துக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

அக்காவிடம் ஆள் இல்லை, பற்கள்தான் இருந்தன. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுப்பது அவள் வேலை. பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்ன மோட்டாரில் யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ இழைப்பாள். முடிந்தால் சாப்பிடுவாள், தூங்குவாள். எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது. புருஷனைப் பிரிந்தவள் இளைத்தாக வேண்டும் என்பது எங்கள் குடும்பத்துச் சட்டம் என்பதால், அம்மாவுக்கு அது தனிக் கவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஆறுதல் சொல்ல வருவதாகத் தகவல் வந்தது. அப்பாவின் அக்கா. அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சொந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா காலையிலிருந்து உட்காரவே இல்லை. விரித்த விரிப்பையே எடுத்து மறுபடி விரித்தாள். அக்காவின் மஞ்சள் உடையை மாற்றச் சொல்லிச் சாம்பல் நிறத்தில் ஒன்றை நீட்டினாள். எனக்குப் பால்கனியில் காவல். அப்பாவுக்குப் பேசாமல் இருக்கும் வேலை; அதில் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே அனுபவம் உண்டு.

அத்தை வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே அழ ஆரம்பித்தாள். அக்கா தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அத்தை முதுகைத் தடவி, நன்றாக அழுதுவிடச் சொன்னாள். அன்றைக்கு முதல் தடவையாக அம்மாவின் முகம் தெளிந்தது.

காபி ஆறும் வரைகூட அந்தத் தெளிவு தாங்கவில்லை. இந்தப் பெண்ணை இப்படியே விடக்கூடாது, ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறேன் என்றாள் அத்தை. மனைவி தவறியவர், சொந்த வீடு, அதிர்ந்து பேசமாட்டார். அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள்.

அக்கா நிமிர்ந்தாள்.

"வேண்டாம் அத்தை. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இல்லாதவங்க எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க."

வேலை பிடித்திருக்கிறது, தூக்கம் வருகிறது, ஒரு குறையும் இல்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அத்தை "பாவம்" என்றாள். சொல்லச் சொல்லப் பாவம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அக்கா அம்மாவைப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள்.

அம்மா தட்டை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நிஜம்தான் அண்ணி. குளிக்கும்போது பாடுறா. சகிக்கல. அந்த வீட்டுக்கு நான் எத்தனை தடவை போயிருக்கேன், ஒரு நாள்கூட அவ பாடிக் கேட்டதில்ல."

அப்பா தன் அனுபவத்தை மீறி, "சுருதி கொஞ்சம் விலகும்" என்றார்.

வரப்போகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முனகிக்கொண்டே அத்தை செருப்பை மாட்டினாள். அவள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், சித்தியிடமிருந்து போன் வந்தது. அம்மா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"ஆமா. அழல. இல்லடி, ஆளெல்லாம் யாருமில்ல."

சித்தி வேறென்னவோ கேட்டிருக்க வேண்டும். அம்மா நின்றாள்.

"சும்மாதான்" என்றாள். "சும்மாதான் சந்தோஷமா இருக்கா."

வைத்த போன் உடனே மறுபடி அடித்தது.