எட்னா கீழே இறங்க வேண்டிய கதை

1

இப்போதெல்லாம் ஆளை ஏமாற்றுகிறவன்கூடத் தேநீர் கொடுத்துத்தான் ஏமாற்றுகிறான். ஏமாறுகிறவன் நன்றி சொல்லிவிட்டு வருகிறான். இந்தக் கதை அந்த எரிச்சலில் பிறந்தது. பக்கத்து வீட்டு நாரிஸ் பிளெட்ஜர் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது. சொல்லும்போதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

2

முதல் தொடக்கம்: ‘ஹேஸ்டிங்ஸில் அன்று கடல் சாம்பல் நிறமாக…’

வேண்டாம். இந்த இங்கிலாந்துக் கரையில் கடல் என்றைக்கு வேறு நிறத்தில் இருந்தது?

இரண்டாவது: நாரிஸ் காசு கொடுத்து வாங்கிய மாடி வீடு அவனுடையது அல்ல. குத்தகை ஆண்டுகள் மட்டுமே அவனுடையவை. கட்டடமும் மண்ணும் கீழ்த்தளத்து டஃப்னலுடையவை. ஆண்டுகள் கரைந்துகொண்டே வரும். மிச்சம் எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், குத்தகையை நீட்டிக்க டஃப்னலுக்குக் கொடுக்க வேண்டிய விலை எகிறும்.

(பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை. நான் அதிகம் போகவும் இல்லை.)

நாரிஸின் மனைவி எட்னாவுக்கு முழங்கால் போய்விட்டது. படி திரும்பும் இடத்தில் மடக்கு நாற்காலி போட்டு, மூச்சு வாங்கி ஏறுவாள். குத்தகையை நீட்டி, வீட்டை விற்று, படியில்லாத வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

3

எண்பதுக்கு இன்னும் ஓராண்டு இருந்தபோதே நாரிஸ் கீழே போனான்.

“டஃப்னல், உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்றாரு என் வக்கீல். எண்பதுக்கு முன்னாடி அனுப்பிட்டா பழைய வெலையே நிக்குமாம்.”

“நமக்குள்ள எதுக்குப்பா வக்கீல்? கையக் குலுக்குனா முடிஞ்சுது. அவசரமே இல்ல. பிஸ்கட் எடுத்துக்கோ.”

நாரிஸ் எடுத்துக்கொண்டான்.

“மறுபடி கேட்டியா?” இது எட்னா, வாரா வாரம்.

“போன மாசந்தான கேட்டேன். திரும்பக் கேட்டா நச்சரிக்கிற மாதிரி இருக்கும்.”

“நச்சரி. என் முழங்கால் என்னைய நச்சரிக்கல?”

“அவரு என்ன நினைப்பாரு, எட்னா.”

“வாங்குறதுக்கு முன்னாடியே நன்றி சொல்ற ஆளு நீ. உன்னையக் கட்டிக்கிட்டு நான் படியேறுறேன்.”

அந்த டிசம்பரில் வக்கீல் கடைசியாகச் சொன்னார்: இப்போதாவது நோட்டீஸ் அனுப்புங்கள். நாரிஸ் டஃப்னலுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினான். பண்டிகைக் காலத்தில் நோட்டீஸ் அனுப்பினால் மரியாதையாக இருக்காதாம்.

(வாசகரே, இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள்.)

பிப்ரவரியில் எண்பது போயிற்று. மார்ச்சில் டஃப்னலுக்கு அவசரம் வந்தது.

“இப்ப பேசலாமா நாரிஸ்? வெல மட்டும் கொஞ்சம் மாறியிருக்கு. சட்டம் அப்படி. நான் என்ன பண்றது?”

அந்த விலையைக் கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. கொடுக்காமல் விற்றால், வாங்குகிறவன் அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்பான். எப்படிப் பார்த்தாலும் படியில்லாத வீடு இல்லை.

4

முடிவு எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று: நாரிஸ் தேநீர்க் கெண்டியைத் தூக்கி… தூக்க மாட்டான். பிளெட்ஜர் பரம்பரையில் ஒருவனும் எதையும் தூக்கி எறிந்ததில்லை.

இரண்டு: டஃப்னல் மனம் திருந்திப் பழைய விலைக்கே… எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். காசு வரும் நேரத்தில் திருந்திய ஒருவனை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

டஃப்னல் திட்டம் போட்டுத்தான் இழுத்தடித்தானா என்று ஒரு வரி சந்தேகம் வைக்கலாம் என்றும் நினைத்தேன். எட்னா ஊருக்குப் போனால் அவள் பூத்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்தானே. வைக்கவில்லை. தொட்டியும் அவனுடைய சுவரில்தான் தொங்குகிறது.

5

எழுதியவரைக்கும் எடுத்துக்கொண்டு நாரிஸ் வீட்டு மாடிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். நாரிஸ் தொண்டையைச் செருமினான்.

“டஃப்னல இவ்வளவு கெட்டவனா எழுதணுமா? படிச்சா மனசு நோகும் அவருக்கு.”

எட்னா அவனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“கதையிலயாவது என்னையக் கீழ எறக்கி விட்ருங்க.”

பேனாவை எடுத்தேன். ‘எட்னா புது வீட்டு வாசலில்…’ அதற்கு மேல் கை ஓடவில்லை. எந்தக் காசில் அந்த வாசல்? உங்களால் முடிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் மேலேதான் இருக்கிறாள்.

“அவரு நல்ல மனுசன்தாங்க,” என்று நாரிஸ் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நம்பவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, விடுவிடுவென்று படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.